விறாந்தை மூலையில் ஒரு இசட் இசட் கன்று

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையின் உள்மூலைக்கு வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. குரோட்டன் வைத்தேன், வெளிறிப்போனது. இப்போது நாலு வருடமாக அங்கே நிற்பது இசட் இசட் (ZZ) என்ற அலங்காரக் கன்று. கென்யாவிலிருந்து தென்னாபிரிக்காவின் வடகிழக்கு வரை அதற்குச் சொந்த ஊர். வறட்சிக்குப் பழகியது, மண்ணுக்குள் சின்ன உருளைக்கிழங்கு போலக் கிழங்கு வைத்துத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும்.

இது தெரியாமல்தான் முதல் கன்றைக் கொன்றேன். கார்த்திகை அடைமழை, காற்றே ஈரம். நானோ ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினேன். தண்டு மஞ்சளாகிச் சாய்ந்தது. சாடியைக் கவிழ்த்தால், கிழங்கு அழுகிய வாழைப்பழமாய்க் கொழகொழத்து நாறியது.

இப்போது கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மாரியில் மாதம் ஒருமுறை. அதுவும் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும். அடியில் ஓட்டையுள்ள மண்சாடி போதும். தோட்டமண், தும்புத்தூள், ஆற்றுமணல் சம பங்கு. கடற்கரை பக்கத்தில்தானே என்று அந்த மணலை அள்ளிப் போடாதீர்கள், உப்பு.

சரி, புதுக் கன்றுக்கு? ஒரு சிற்றிலையை அடியோடு கிள்ளி ஈரமணலில் செருகுங்கள். பட்டாணி அளவு கிழங்கு வரவே மாதக்கணக்காகும். “செத்த இலைக்கு என்ன காவல்?” என்று மாமி சிரித்தார், ஏழாம் மாதம் தளிர் வந்ததும் அவரே ஒரு சாடி கேட்டார்.

இது சேம்புக் குடும்பம். சாறு பட்டால் கை கடிக்கும், வாயில் வைத்தால் எரியும். தவழும் பிள்ளை இருந்தால் உயரத்தில் வையுங்கள்.