போட்டோவுக்குக் கருத்துக் கேட்பது, சொல்வது: ஒரு காசிமேடு படத்தை வைத்துச் செய்முறை

கேமரா வாங்கிய முதல் இரண்டு வருடம் என் படங்களுக்குக் கிடைத்த ஒரே கருத்து "சூப்பர்". சொன்னவர்கள் எல்லாரும் என் மேல் அன்பு உள்ளவர்கள்தான். ஆனால் அந்த இரண்டு வருடமும் என் படங்களில் ஆட்களின் தலைக்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பமோ தென்னை மரமோ முளைத்தபடியே இருந்தது. எனக்கும் தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவர் ஒரு நாள் என் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் முதல்ல கம்பத்தைப் பார்க்கிறேன். ஆளை அப்புறம்தான் பார்க்கிறேன்."

அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை. தன் கண் எங்கே போனது என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து ஷட்டரை அழுத்துவதற்கு முன் அரை அடி நகர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. போட்டோவுக்குக் கருத்து சொல்வது என்றால் எனக்கு இன்றும் அந்த ஒரு வாக்கியம்தான் அளவுகோல்.

நண்பர் ஒருவர் ஏப்ரல் முதல் வாரம் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த படத்தை வைத்தே விளக்குகிறேன். விடியும் முன் நேரம். மீன் விற்கும் அம்மா ஒருவர் குனிந்து சில்லறை எண்ணுகிறார். மேலே ஒரு பல்பு தொங்குகிறது. பின்னால் படகுகள்.

படி 1: ஒரே ஒரு படத்தைக் கொடுங்கள்

இருபது படங்களை மொத்தமாக அனுப்பினால் பார்ப்பவர் விரலால் தள்ளிக்கொண்டே போய்விடுவார். உங்களுக்கே எதிலோ குறை தட்டுகிறது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை என்ற படம் ஒன்று இருக்குமே, அதைக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஃபோகஸ் சரியா இல்லையா என்று பெரிதாக்கிப் பார்க்க முடியாது. 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் படம் அப்படியே போகும், கேமரா பதிவு செய்த ஷட்டர் வேகம் (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) விவரங்களும் கூடவே போகும். ஒரு எச்சரிக்கை: லொக்கேஷன் ஆனில் இருந்தால் எடுத்த இடமும் போய்விடும். வீட்டில் எடுத்தது, குழந்தைகள் இருப்பது என்றால் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

படி 2: "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்குப் பதில் "சூப்பர்" மட்டும்தான். இரண்டு கேள்விகளைக் கேளுங்கள், வரிசை முக்கியம். முதலில்: "உங்க கண் முதல்ல எங்கே போச்சு? அப்புறம் எங்கே?" பதில் வந்த பிறகுதான் நீங்கள் என்ன காட்ட நினைத்தீர்கள் என்று சொல்ல வேண்டும். முன்னாலேயே சொல்லிவிட்டால் அவர் அதையே தேடிக் கண்டுபிடித்துவிடுவார். படம் தானாக அதைக் காட்டுகிறதா என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

நண்பர் இப்படித்தான் கேட்டார். என் கண் முதலில் பல்புக்குப் போனது. அடுத்து இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்ற நீல டிரம்முக்கு. அந்த அம்மாவின் கைகளுக்கு மூன்றாவதாகத்தான் வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்னார்: "அந்தக் கை வேகத்தைக் காட்டத்தான் எடுத்தேன்."

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் நாம் பேச வேண்டிய விஷயம்.

படி 3: சொல்பவர் முதலில் சும்மா பார்க்க வேண்டும்

இப்போது நீங்கள் கருத்து சொல்கிறவர். அரை நிமிடம் எதுவும் எழுதாமல் பாருங்கள். முடிந்தால் பெரிய திரையில். நம் கண் வெளிச்சமான இடம், முகம், எழுத்து, பளிச்சென்ற நிறம், ஃபோகஸ் கூர்மையாக உள்ள இடம் இவற்றை நோக்கித் தானாக ஓடும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கதை மறைந்து, வெறும் வெளிச்சமும் வடிவமும் தெரியும். பிறகு நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று. பாதி கை, பாதி சைக்கிள், யாரோ ஒருவரின் முழங்கை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். எடுத்தவர் நடுவில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது.

படி 4: கண்டது, காரணம், செய்து பார்க்க ஒரு வழி

"பேக்கிரவுண்ட் சரியில்லை" என்பதை வைத்துக்கொண்டு எடுத்தவர் ஒன்றும் செய்ய முடியாது. நான் நண்பருக்கு எழுதியது இது:

"பல்புதான் படத்திலேயே வெளிச்சமான இடம், அதனால் கண் அங்கே போய் நின்றுவிடுகிறது. இரண்டு அடி வலப்பக்கம் நகர்ந்தால் பல்பு ஃபிரேமுக்கு வெளியே போய், வெளிச்சம் மட்டும் அவர் கையில் விழும். ஷட்டர் 1/30 விநாடி என்பதால் படம் முழுக்க லேசாக ஆடியிருக்கிறது. ஐஎஸ்ஓ 400ஐ 1600 ஆக்கினால் 1/125 கிடைக்கும். குனிந்த தோளும் கூடையும் சேர்ந்து வரும் வளைவு அழகு, அடுத்த முறையும் அதை விடாதீர்கள்."

கடைசி வரியைக் கவனியுங்கள். குறைக்கு முன்னும் பின்னும் பாராட்டை வைத்து மூடிக் கொடுக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேட்பவர் "ஆனால்" எப்போது வரும் என்றே காத்திருப்பார். பாராட்டும் ஒரு தகவலாக இருக்கட்டும்: எதைத் திரும்பச் செய்யலாம் என்று அது சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இந்தப் படத்திலேயே இப்போது சரிசெய்யக் கூடியது எது, எடுக்கும் இடத்திலேயே செய்திருக்க வேண்டியது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். சாய்ந்த கடல்மட்டத்தை இப்போது நிமிர்த்தலாம். டிரம்மை வெட்டி எடுக்கலாம். கிராப் செய்வது குற்றமில்லை. படத்தை வெட்டுவதை விரும்பாதவர் என்று பெயர் பெற்ற பிரெஞ்சு புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோனே, 1932இல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்னால் தேங்கிய நீரைத் தாண்டிக் குதித்தவரை வேலிச் சந்து வழியாக எடுத்தபோது வேலி ஒரு பக்கத்தை மறைத்துவிட்டதால், அந்தப் படத்தை வெட்டித்தான் பயன்படுத்தினார். ஆனால் ஜேபெக் (கேமரா சுருக்கிச் சேமிக்கும் சாதாரண ஃபைல்) படத்தில் முழுக்க வெளுத்துப்போன பல்பையும், படம் முழுக்க உள்ள ஆட்டத்தையும் மீட்க முடியாது. அது அடுத்த முறைக்கான பாடம்.

"கறுப்பு வெள்ளையில் நல்லா இருக்கும்" போன்றவை ரசனை. சொல்லலாம், "இது என் ரசனை" என்ற வார்த்தையோடு. அப்புறம், கேட்காதவருக்குச் சொல்லாதீர்கள். ஒருவர் தன் பாட்டியின் படத்தைப் போட்டால் அவர் பாட்டியைக் காட்டுகிறார், எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) அல்ல.

படி 5: கேட்டவர் பதில் சொல்லாமல் குறித்துக்கொள்ள வேண்டும்

இதுதான் கஷ்டமான படி. "அங்கே நிற்கவே இடமில்லை", "நேரமே இல்லை" என்று உடனே வாய் வரும். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நெரிசல் படத்துக்குள் வரவில்லையே. நன்றி சொல்லி, எழுதி வைத்து, ஒரு நாள் விட்டுவிட்டுப் படிக்கலாம்.

நண்பருக்கு மூன்று பேர் பதில் சொன்னார்கள். ஒருவர் மேலே கிராப் பண்ணச் சொன்னார். இன்னொருவர் கறுப்பு வெள்ளையாக்கச் சொன்னார். மூன்றாமவர் பின்னணியை மங்கலாக்கச் சொன்னார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லையே என்று நண்பர் குழம்பினார். சேர்த்துப் பார்த்தால் மூன்று பேருமே அந்த மஞ்சள் பல்பின் தொந்தரவிலிருந்து தப்பிக்கத்தான் வழி சொல்லியிருக்கிறார்கள். பலர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் பள்ளம் அங்கே இருக்கிறது என்று நம்புங்கள். பள்ளத்தை எப்படி மூடுவது என்பதில் அவர்கள் சொல்வது தப்பாகக்கூட இருக்கலாம்.

நான் சொன்னதே பாதி தப்பு. 1/125 வைத்திருந்தால் விரல்கள் அப்படியே உறைந்து நின்றிருக்கும், அவர் காட்ட நினைத்த வேகம் போயிருக்கும். ஆட வேண்டியது விரல்கள், கேமரா அல்ல. இதை அவரே கண்டுபிடித்து என்னிடம் சொன்னார்.

படி 6: அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தடை முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை விடியலில் நண்பர் மறுபடி போனார். பல்பு ஃபிரேமுக்கு வெளியே வரும்படி நகர்ந்து நின்றார். ஷட்டரை 1/30லேயே வைத்து, அடுக்கியிருந்த மீன் பெட்டிகள் மேல் முழங்கைகளை ஊன்றி, மூச்சை அடக்கிப் பதினைந்து படம் எடுத்தார். ஒன்றில் முகம் கூர்மை, விரல்கள் மட்டும் ஓடுகின்றன. அனுப்பினார். என் கண் நேராகக் கைக்குப் போனது.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு அந்த அம்மாவிடமே கொடுத்து, நாலு பேருக்குக் காட்டலாமா என்று கேட்டார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "காட்டு, காட்டு. ஆனா மீனு எங்கப்பா? அன்னிக்கு அவ்ளோ பெரிய வஞ்சிரம் வெச்சிருந்தேனே" என்றாராம். நண்பர் கூடையைக் கீழே பாதியில் வெட்டியிருந்தார். கைகளையே பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் அதைக் கவனிக்கவில்லை. வரும் ஞாயிறு கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி எடுக்கப் போகிறார்.