ஆர்கேட் ஸ்டிக்குக்குப் போர்டு தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக ஆர்கேட் ஸ்டிக் (லீவரும் பெரிய பட்டன்களும் உள்ள வீடியோ கேம் கன்ட்ரோலர்) செய்ய இறங்குபவர்கள் பெட்டியையும் பட்டன்களையும் பற்றித்தான் நாள்கணக்கில் யோசிக்கிறார்கள். பாகங்கள் சன்வா நிறுவனத்ததா செய்மிட்சு நிறுவனத்ததா, மரமா அக்ரிலிக்கா என்று எல்லாம் முடிவான பிறகு, உள்ளே வைக்க வேண்டிய என்கோடர் போர்டை (பட்டன் அழுத்தத்தை யுஎஸ்பி சிக்னலாக மாற்றும் சர்க்யூட்டை) கடைசியில், இருப்பதில் மலிவாகப் பார்த்து வாங்குகிறார்கள். முதல் தவறே இதுதான். பட்டனும் லீவரும் சாதாரண சுவிட்சுகள். பிடிக்காவிட்டால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரோ கன்சோலோ பேசுவது போர்டோடு மட்டும்தான். அதை மாற்றினால் ஒயரிங் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டிவரும். ஆகவே எதில் விளையாடப் போகிறோம் என்பதை முடிவு செய்து, அதற்கேற்ற போர்டை முதலில் தேர்ந்தெடுங்கள்.

“யுஎஸ்பிதானே, எதில் செருகினாலும் வேலை செய்யும்” என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. பிளேஸ்டேஷன் 3 சாதாரண யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்கைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்; நடுவில் உள்ள பிஎஸ் பட்டன் மட்டும் பல போர்டுகளில் வேலை செய்யாது. பிளேஸ்டேஷன் 4 அப்படியில்லை. செருகியிருப்பது உரிமம் பெற்ற கன்ட்ரோலர்தானா என்று அது சோதிக்கும். அந்தச் சோதனையில் தேறாத போர்டை உடனே ஒதுக்காது. சுமார் 8 நிமிடம் விளையாட விட்டு, அப்புறம் துண்டித்துவிடும். ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு ‘சரி, வேலை செய்கிறது’ என்று பெட்டியை மூடுபவர்களுக்கு இது தெரியவே தெரியாது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அதற்குப் பின் வந்த எக்ஸ்பாக்ஸ்களிலும் இதுபோன்ற சோதனை உண்டு. பிளேஸ்டேஷன் 5-இல் இன்னொரு சிக்கல்: பிஎஸ்4 விளையாட்டுகளில் ஓடும் ஸ்டிக், பிஎஸ்5-க்கென்றே வந்த விளையாட்டில் ஓடாமல் போகலாம். நீங்கள் ஆட நினைக்கும் விளையாட்டின் பெயரை வைத்தே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கன்சோலில்தான் ஆடப் போகிறீர்கள் என்றால், புரூக் நிறுவனம் விற்பதுபோன்ற பல கன்சோல்களுக்கான போர்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் இல்லை என்பது என் கருத்து. இன்னொரு வழி, ராஸ்பெரி பை பிகோ என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஜிபி2040-சிஇ என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரை (போர்டை இயக்கும் மென்பொருளை) ஏற்றுவது. பிகோவில் உள்ள பட்டனை அழுத்திக்கொண்டே கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் மாதிரி திறக்கும். ஃபைலை அதில் போட்டால் போதும். கன்சோல் சோதனைக்கு, இன்னொரு யுஎஸ்பி சாக்கெட்டைச் சேர்த்து, உரிமம் பெற்ற பொருத்தமான கன்ட்ரோலரை அதில் செருகி வைக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்குப் பொறுமை இருப்பவர்களுக்கு இது அருமையான வழி.

கம்ப்யூட்டரில் மட்டும் ஆடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றைய விளையாட்டுகள் பல எக்ஸ்இன்புட் (எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்கள் விண்டோஸோடு பேசும் முறை) கன்ட்ரோலரைத்தான் எதிர்பார்க்கின்றன. மலிவான போர்டுகள் பலவும் பழைய டைரக்ட்இன்புட் வகை. இடையில் ஒரு மென்பொருளை வைத்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் போர்டிலேயே எக்ஸ்இன்புட் இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை.

அடுத்து, பெயரை நம்பி வாங்குவது. ‘ஜீரோ டிலே’ என்று விற்கப்படும் போர்டில் தாமதமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தாமதம் இல்லாத போர்டு என்று எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர் போர்டை நொடிக்கு 125 முறை விசாரித்தால் ஒரு விசாரிப்புக்கும் அடுத்ததற்கும் 8 மில்லி செகண்ட் இடைவெளி. 1000 முறை விசாரித்தால் 1 மில்லி செகண்ட். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 16.7 மில்லி செகண்ட்தான் என்பதால், சண்டை விளையாட்டு ஆடுபவருக்கு அந்த 8 பெரிய எண். இதோடு, சுவிட்ச் அழுத்தும்போது ஏற்படும் அதிர்வை வடிகட்ட ஃபர்ம்வேர் காத்திருக்கும் நேரமும் சேரும். பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் (MAME) மென்பொருளில் ஓய்வாக ஆட நினைப்பவருக்கு மலிவான போர்டே போதும். போட்டி மனதோடு ஆடுபவர் 1000 முறை விசாரிக்கப்படும் போர்டையே வாங்க வேண்டும். டிவியில் கேம் மோடை (தாமதத்தைக் குறைக்கும் அமைப்பை) இயக்காமல் போர்டைக் குறைசொல்வதும் நியாயமில்லை; டிவி சேர்க்கும் தாமதம் பல சமயம் இதைவிட அதிகம்.

பழைய கீபோர்டைப் பிரித்து அதன் போர்டைப் பயன்படுத்தும் யோசனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண கீபோர்டுகளில் விசைகள் தனித்தனி ஒயரில் இல்லாமல் வரிசை-நெடுவரிசை மேட்ரிக்ஸாக இணைக்கப்பட்டிருப்பதால், சில விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது ஏதாவது ஒன்று பதிவாகாமல் போகும். லீவரை மூலைக்குத் தள்ளியபடி மூன்று பட்டன்களை அழுத்தும் நேரத்தில்தான் அது காட்டிக்கொடுக்கும். ஆர்கேடுக்கென்றே செய்த கீபோர்டு என்கோடர்களில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி உள்ளீடு இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

கேம்பேடைப் பிரித்துப் பயன்படுத்துபவர்கள், அதில் எல்லா பட்டன்களுக்கும் கிரவுண்ட் (மின்சாரம் திரும்பிச் செல்லும் முனை) பொதுவாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பொது கிரவுண்ட் இருந்தால் ஒரே ஒயரை எல்லா பட்டன்களுக்கும் வரிசையாகக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு ஒயர், அதுவும் மிகச் சிறிய இடத்தில் சால்டரிங்.

பிகோ பயன்படுத்துபவர்கள் மறக்கவே கூடாதது: அதன் பின்கள் (ஒயர் இணைக்கும் முனைகள்) 3.3 வோல்ட்டுக்கானவை. சென்சாரில் இயங்கும் லீவர்கள் சில 5 வோல்ட் கேட்கும். அவற்றின் சிக்னல் 5 வோல்ட்டாகவே அந்த முனைக்கு வந்தால் சிப் கெட்டுப்போகலாம்.

லீவரே இல்லாமல் திசைகளுக்கும் பட்டன் வைப்பதாக இருந்தால், இடதும் வலதும் ஒன்றாக அழுத்தும்போது போர்டு என்ன செய்யும் என்று கேட்டு வாங்குங்கள். போட்டிகளில் இதற்கு விதி வைத்திருப்பார்கள். ஃபர்ம்வேரில் மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் நிம்மதி.

சின்ன விஷயம் என்றாலும் கனெக்டரைச் சொல்லியாக வேண்டும். சன்வா 30 மில்லிமீட்டர் பட்டன்களுக்கு 2.8 மில்லிமீட்டர் கனெக்டர் வேண்டும். வேறு பல பட்டன்களுக்கு 4.8. போர்டோடு வரும் ஒயர் எந்த அளவு என்று பார்க்காமல் வாங்கினால் ஒன்றுகூடப் பொருந்தாது.

போர்டு கைக்கு வந்ததும் பெட்டிக்குள் திருகிவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் செருகி, ஒரு துண்டு ஒயரால் ஒவ்வொரு உள்ளீட்டையும் கிரவுண்டோடு தொட்டு, எல்லாம் பதிவாகிறதா என்று பாருங்கள். கன்சோலுக்கு என்றால் அதில் செருகி, குறைந்தது 15 நிமிடமாவது தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்த பிறகு ஒயரிங்கை ஆரம்பிக்கலாம்.