தோண்டும் முன் சோதியுங்கள்: கடலோர அமில மண்ணைக் கையாளும் முறை

கடலோரத் தாழ்நிலத்தில் வீடோ சாலையோ படகுத்துறையோ கட்டத் தோண்டும்போது, சில இடங்களில் நீலம் கலந்த சாம்பல் நிறச் சேறு வரும். நீருக்கடியில் கிடக்கும்வரை அது சாது. அதிலுள்ள பைரைட் என்னும் இரும்பு சல்ஃபைடு காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறத் தொடங்கும். அந்த அமிலம் மண்ணிலுள்ள அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்து, மழையோடு ஓடையில் சேர்க்கும். மீன்கள் சாகும், கான்கிரீட் அரிக்கும். ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்றில் 1987இல் இப்படி வந்த அமில நீரால் 23 கிலோமீட்டர் தொலைவுக்கு மீன்கள் மடிந்தன.

படி 1: இடத்தைப் பாருங்கள்

கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள் உள்ள கழிமுகம், சதுப்பு நிலம், அலையாத்திக் காடு இருந்த இடம் என்றால் சந்தேகப்படுங்கள். அழுகிய முட்டை நாற்றம் ஓர் அடையாளம். வெளிர்மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அமிலம் ஏற்கெனவே உருவாகிவிட்டது என்று பொருள்.

படி 2: களத்திலேயே சோதியுங்கள்

தோண்டப்போகும் ஆழத்துக்கும் கீழே 1 மீட்டர் வரை துளையிட்டு, 25 சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி எடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை நீரில் குழைத்து பிஎச் அளவைக் குறியுங்கள் (பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவுகோல், 7க்குக் கீழே குறையக் குறைய அமிலம் அதிகம்). 4 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மண் இப்போதே அமிலமாகிவிட்டது.

மறுபாதியில் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டுகளாக விடுங்கள். பெராக்சைடே அமிலத்தன்மையோடு விற்கப்படுவதால், அதன் பிஎச் அளவை முதலில் 4.5 முதல் 5.5க்குள் கொண்டுவர வேண்டும். இல்லையெனில் முடிவு பொய்யாகும். கையுறை, கண்ணாடி கட்டாயம். வெப்பம் தாங்கும் குழாயையே பயன்படுத்துங்கள், கலவை கொதித்துப் பொங்கக்கூடும். பொங்கி அடங்கிய பின் பிஎச் 3க்குக் கீழே விழுந்தால் பைரைட் இருப்பது ஏறக்குறைய உறுதி. இலைமக்கு மிகுந்த மண்ணும் நுரைக்கும். கிளிஞ்சல் தூள் அமிலத்தை மறைக்கும். ஆகவே நுரையை மட்டும் நம்பாமல், மண் மாதிரிகளைக் காற்றை வெளியேற்றி மூடிய பையில், பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நமக்கு வேண்டியது கந்தகத்தின் சதவீதம்.

படி 3: வரைபடத்தை மாற்றுங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். என்னைக் கேட்டால், மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஆழமான வாய்க்காலுக்குப் பதிலாக அகலமான, ஆழமில்லாத வாய்க்கால் போதுமா? கட்டடத்தைச் சற்றுத் தள்ளி வைக்க முடியுமா? நிலத்தடி நீரை இறைத்தால் உங்கள் மனை மட்டுமல்ல, பக்கத்து நிலமும் காய்ந்து அங்கேயும் அமிலம் உருவாகும். மேலே மண் கொட்டி நிரப்புவதும் எப்போதும் பாதுகாப்பானதல்ல. பாரத்தால் அடிச்சேறு பிதுங்கி நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிடலாம்.

படி 4: தோண்டியே ஆகவேண்டுமென்றால்

1 சதவீதம் கந்தகமுள்ள 1 டன் மண்ணுக்குச் சுமார் 31 கிலோ தூய சுண்ணாம்புக்கல் தூள் தேவை. முழுவதும் கரைந்து கலக்காது என்பதால் ஒன்றரை மடங்கு, அதாவது 47 கிலோ, போடுவது வழக்கம். தூளின் தூய்மை குறைந்தால் அளவைக் கூட்டுங்கள். நீற்றுச் சுண்ணாம்பைத் தவிர்ப்பது நல்லது. அளவு தவறினால் பிஎச் 12ஐத் தொட்டு வேறு கேடு வரும்.

சுண்ணாம்புத் தூள் பரப்பி, கரை கட்டிய தளத்தில் மண்ணை மெல்லிய அடுக்குகளாக விரித்து நன்கு கலக்குங்கள். மணற்பாங்கான மண் ஒரே நாளில்கூட அமிலமாகத் தொடங்கிவிடும், குவித்து வைத்துக் காத்திருக்காதீர்கள். கலந்த பின் மறுபடி சோதித்துத்தான் அடுத்த அடுக்கு.

படி 5: நீரைத் தடுத்து வையுங்கள்

குழியில் தேங்கிய நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தால் மகிழ வேண்டாம். கரைந்த அலுமினியம் தூசியை எல்லாம் திரட்டி அடியில் படிய வைத்திருக்கலாம். பிஎச் 6.5 முதல் 8.5க்குள் வந்து, அலுமினிய அளவும் சரிபார்க்கப்பட்ட பிறகே வெளியே விடுங்கள்.