விண்டோஸ் 11-க்கு மாறியதும் போட்டோஷாப்பில் தமிழ் ஃபான்ட் காணவில்லையா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதற்கு அப்புறம்தான் எங்கள் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் புது எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ் 11-ஐ ஏற்றினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். இங்கே இன்னும் போட்டோஷாப் சிஎஸ்6-தான். 2012-இல் வந்த பதிப்பு. மாதச் சந்தா இல்லாமல் ஒரே தடவை பணம் கட்டி வாங்கக்கூடியதாக இருந்த கடைசிப் பதிப்பும் அதுதான். ஆல்பம் வேலைக்கு இன்றைக்கும் போதும். புது விண்டோஸில் எந்தத் தகராறும் இல்லாமல் திறந்தது.

தகராறு வந்தது எழுத்தில். ஒரு கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்தேன். மணமகள் பெயரில் 'ன' இருந்த இடத்தில் 'ண' வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. டெக்ஸ்ட் லேயரைத் தொட்டதும் ஒரு பெட்டி வந்தது. படிக்காமல் ஓகே கொடுத்தேன். அழகான தமிழ்ப் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு வரி நின்றது. அதையே சேவ் செய்தும் விட்டேன். இதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. உங்களுக்கு அரை மணி நேரத்தில் முடியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விண்டோஸ் ஏற்றுவது, போட்டோஷாப் இன்ஸ்டால் செய்வது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மாறுவதற்கு முன்

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதிலுள்ள தமிழ் ஃபான்ட்களை எல்லாம் ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். சிடியில்தான் ஃபான்ட் இருக்கிறதே, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தொண்ணூறுகளில் வந்த சில ஃபான்ட் சிடிக்களின் செட்டப் 16 பிட் காலத்தது. விண்டோஸ் 10-இல் 32 பிட் பதிப்பு இருந்தது, அதில் அந்த செட்டப் ஓட வழி இருந்தது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். அதில் 16 பிட் செட்டப் ஓடாது, கம்பேட்டிபிலிட்டி மோடில் என்ன போட்டுப் பார்த்தாலும் ஓடாது. ஆனால் அந்த செட்டப் ஏற்கெனவே உங்கள் மெஷினில் இறக்கி வைத்திருக்கும் டிடிஎஃப் என்ற ஃபான்ட் கோப்புகள் தாராளமாக வேலை செய்யும். எடுத்துவைக்க வேண்டியது அந்தக் கோப்புகளைத்தான்.

கூடவே ஆக்ஷன்களையும், அதாவது போட்டோஷாப்பில் நீங்கள் பதிவுசெய்து வைத்திருக்கும் வேலை வரிசைகளையும், சேமியுங்கள். ஆக்ஷன்ஸ் பேனலின் மெனுவில் 'சேவ் ஆக்ஷன்ஸ்' மங்கலாகத் தெரிந்தால், நீங்கள் ஒற்றை ஆக்ஷனைத் தொட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அது இருக்கும் ஃபோல்டரைத் தொடுங்கள், வந்துவிடும். பிரஷ் முதலானவற்றுக்கு எடிட் மெனுவில் பிரீசெட்ஸ் பகுதி இருக்கிறது.

எதையும் எடுத்துவைக்காமல் மாறிவிட்டீர்களா? ஃபார்மட் செய்யாமல் அப்கிரேடு செய்திருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டரில் பழையது அப்படியே இருக்கும். சாதாரணமாக 10 நாள்தான், பிறகு தானாக அழிந்துவிடும். அந்த 10 நாளுக்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி, 'கோ பேக்' வழியாக விண்டோஸ் 10-க்கே திரும்பவும் முடியும்.

அந்தப் பெட்டிக்கு 'கேன்சல்' கொடுங்கள்

ஃபான்ட் போடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சேதம் நடப்பது இங்கேதான்.

ஃபான்ட் இல்லாத மெஷினில் பிஎஸ்டி என்ற போட்டோஷாப் கோப்பைத் திறந்தால் முதலில் எல்லாம் சரியாகவே தெரியும். ஒவ்வொரு டெக்ஸ்ட் லேயரின் படத்தையும் பிஎஸ்டி தனக்குள் வைத்திருக்கும், திரையில் தெரிவது அந்தப் படம். லேயர்ஸ் பேனலைப் பார்த்தால் 'டி' அடையாளத்தின் மேல் சின்னதாக ஒரு மஞ்சள் முக்கோணம் இருக்கும். இந்த நிலையில் ஜேபெக்காக எடுத்து பிரிண்ட் லேபுக்கு அனுப்பினால்கூட எழுத்து ஒழுங்காகவே வரும். லேயருக்குள் கர்சரை வைத்தாலோ, அளவை மாற்றினாலோதான் போட்டோஷாப் எழுத்தைப் புதிதாக வரைய வேண்டிவரும். அப்போது, இந்த ஃபான்ட் இல்லை, வேறொன்றைப் போடட்டுமா என்று கேட்கும். கேன்சல். திறக்கும்போதே டெக்ஸ்ட் லேயர்களைப் புதுப்பிக்கவா என்று கேட்டால், அதற்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

ஓகே கொடுத்தால் என்ன ஆகும்? பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் 'தமிழ்' என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். அந்தக் குறிகளுக்குத் தமிழ் முகம் கொடுப்பது ஃபான்ட் மட்டும்தான். ஃபான்ட் போனால் முகம் போய்விடும், குறிகள் மிஞ்சும். ஒரே ஃபான்டில் செய்த ஆல்பமாக இருந்தால் மறுபடி பாமினியைத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்துவிடலாம். என் ஆல்பத்தில் தலைப்புக்கு ஒன்று, பெயர்களுக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என்று மூன்று ஃபான்ட் இருந்தன, மூன்றும் மூன்று குறியாக்கம், அதாவது எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பது மூன்றிலும் வேறு. எந்த வரி எந்த ஃபான்டில் இருந்தது என்ற தகவலே கோப்பிலிருந்து போய்விட்டது. பிரிண்ட் ஆன பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

இத்தனை குறியாக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு. எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோட் பரவுவதற்கு முன்பு ஆளுக்கொரு முறையில் தமிழ் ஃபான்ட் செய்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. ஸ்டூடியோக்களிலும் அச்சகங்களிலும் இருக்கும் பழைய டிசைன்களில் இவை எல்லாமே கலந்து கிடக்கின்றன.

ஃபான்ட் போடுவது: நான் தடுக்கி விழுந்த இடம்

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிடிஎஃப் கோப்புகளைத் தேடி எடுத்தேன். இரட்டைக் கிளிக் செய்தேன், 'இன்ஸ்டால்' கொடுத்தேன். வேர்டில் பாமினி வந்தது. போட்டோஷாப்பில் வரவில்லை. மெஷினை அணைத்துப் போட்டேன், வரவில்லை. ஃபான்ட் கெட்டுவிட்டதோ என்று வேறு நண்பரிடமிருந்து வாங்கிப் போட்டேன், அப்போதும் வரவில்லை.

காரணம் இதுதான். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெறுமனே 'இன்ஸ்டால்' கொடுத்தால் ஃபான்ட் உங்கள் ஒரு யூசருக்கு மட்டும் போகும். அது உட்காரும் இடம் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆப்டேட்டா. பழைய ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்கு அது போவதே இல்லை. புது மென்பொருள்கள் இரண்டு இடத்திலும் பார்க்கும். சிஎஸ்6 மாதிரி அதற்கு முன் பிறந்தவை பழைய ஃபோல்டரை மட்டும்தான் பார்க்கும். அவற்றுக்குப் புது இடம் ஒன்று இருப்பதே தெரியாது.

உங்கள் ஃபான்ட் எங்கே போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், ஃபான்ட்ஸ். பாமினியைத் தேடித் திறந்தால், கீழே கோப்பு இருக்கும் பாதை தெரியும். அதில் ஆப்டேட்டா என்று இருந்தால் அந்தப் பக்கத்திலேயே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதை எடுக்காமல் மேலேயே மறுபடி போட்டாலும் சரியாகலாம், ஆனால் ஒரே பெயரில் இரண்டு இடத்தில் ஃபான்ட் இருப்பது எனக்குப் பிடிக்காது. எடுத்துவிட்டே போடுங்கள்.

அப்புறம் டிடிஎஃப் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, சின்னக் கேடய அடையாளத்தோடு இருக்கும் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெனுவில் அது இல்லையென்றால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' கொடுத்துப் பாருங்கள். நூறு ஃபான்ட் இருந்தாலும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் போடலாம். போட்டோஷாப்பை மூடிவிட்டுத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் மறைந்திருக்கும். எனக்கு அது மறைந்தபோது மணி இரவு பதினொன்றரை. ஸ்டூடியோ ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்த்தேன்.

இன்னொன்று. பாமினியில் தட்டும்போது கீபோர்டு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் தமிழ் 99 கீபோர்டு உள்ளேயே வருகிறது, நல்லதுதான். ஆனால் அது தருவது யூனிகோட். பாமினி லேயரில் அதை வைத்துத் தட்டினால் கட்டம் கட்டமாக வரும், இல்லையென்றால் ஃபான்ட் மாறிவிடும்.

யூனிகோட் தமிழ் உடைந்து தெரிந்தால்

சிஎஸ்6-இல் யூனிகோட் தமிழை ஒட்டினால் 'கொ', 'கோ' போன்றவை சிதறும், கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். இது விண்டோஸ் மாறியதால் வந்ததில்லை. அந்தப் பதிப்பு தமிழைக் கோக்கும் விதமே அப்படி. யூனிகோடில்தான் வேலை என்றால் புதிய பதிப்புக்குப் போவதே வழி. சிஎஸ்6-க்குப் பின் சந்தாவில் வந்த சில சிசி பதிப்புகளில் பிரிஃபரன்சஸில் 'டைப்' பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் இன்ஜினை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

லதா, விஜயா ஃபான்ட்களைத் தேடுகிறவர்கள் கவனியுங்கள். அவை இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை, நிர்மலாதான் வரும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடித் திறந்து, 'தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேருங்கள். இரண்டும் வந்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், பழைய பிஎஸ்டி-க்களைப் பாமினியிலேயே விடுங்கள், மாற்ற உட்காராதீர்கள். புது வேலையை யூனிகோடில் செய்யுங்கள். இரண்டுக்குமே நான் இப்போது பழக்கமாக்கியிருப்பது, டெக்ஸ்ட் லேயரின் பெயராகத் தமிழிலேயே வரியையும் ஃபான்டின் பெயரையும் எழுதிவைப்பது. லேயர் பெயர் ஃபான்டை நம்பி இருப்பதில்லை. நாளைக்கு ஃபான்ட் போனாலும் அந்த வரி என்னவென்று படிக்க முடியும்.

மெனு எல்லாம் எறும்பு மாதிரி தெரிந்தால்

புது லேப்டாப், அடர்த்தியான திரை என்றால் சிஎஸ்6-இன் மெனு கண்ணுக்கே தெரியாது. போட்டோஷாப் ஐகானில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கீழேயுள்ள 'ஓவர்ரைடு' பெட்டியில் டிக் போட்டு 'சிஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெனு பெரிதாகும். ஆனால் விண்டோஸ் முழு ஜன்னலையும் இழுத்துப் பெரிதாக்குகிறது, உங்கள் படமும் சேர்ந்துதான் இழுபடும். நூறு சதவீதத்தில் பார்த்து ஷார்ப் சரியாக இருக்கிறதா என்று முடிவு செய்யாதீர்கள், படம் உள்ளதைவிட மங்கலாகத் தெரியும். அதனால் ஸ்டூடியோவில் நான் இதைப் பயன்படுத்துவதில்லை. சாதாரண 1080 மானிட்டரை நூறு சதவீத ஸ்கேலிங்கில் வைத்திருக்கிறேன்.

பின்னால் சேர்த்தது

பிளக்-இன் (போட்டோஷாப்போடு சேர்த்துப் போடும் துணை மென்பொருள்) வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சிஎஸ்6 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகையாகவும் இன்ஸ்டால் ஆகும். 32 பிட் பிளக்-இன் 32 பிட் போட்டோஷாப்பில் மட்டும்தான் தெரியும். ஸ்டார்ட் மெனுவில் இரண்டில் எதைத் திறக்கிறீர்கள் என்று பாருங்கள்.

இன்னொருவரிடம் இருந்த ஃபான்ட்கள் டிடிஎஃப் இல்லை, பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று ஜோடி ஜோடியாக இருந்தன. அவை டைப் 1 ஃபான்ட்கள். புதிய போட்டோஷாப் அவற்றை எடுத்துக்கொள்ளாது, 2021-இலேயே போட்டோஷாப்பில் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அதே ஃபான்டின் டிடிஎஃப் வடிவத்தைத் தேடிப் பிடியுங்கள்.

கடைசியாக ஒரு ஸ்டூடியோக்காரர் சொன்னது. ஃபான்ட் எல்லாம் வந்துவிட்டது, ஆனால் ஃபோல்டரிலிருந்து போட்டோவை இழுத்துப் போட்டோஷாப்பில் விட்டால் எதுவும் நடக்கவில்லையாம். யாரோ சொன்னார்கள் என்று கம்பேட்டிபிலிட்டியில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக்கை நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தார். போட்டோஷாப் அட்மினாகவும் ஃபோல்டர் ஜன்னல் சாதாரணமாகவும் ஓடினால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போட விண்டோஸ் விடாது. நெட்வொர்க் டிரைவ்களும் சில நேரம் கண்ணில் படாது. ஸ்கிராட்ச் டிஸ்க் (போட்டோஷாப் தற்காலிகமாகப் பயன்படுத்தும் டிஸ்க் இடம்) லாக் ஆகியிருக்கிறது என்று திறக்கும்போதே சொன்னால் ஒரு தடவை அட்மினாகத் திறந்து மூடுங்கள், டிக் போட்டு வைக்க வேண்டாம். அவர் டிக்கை எடுத்ததும் படம் பழையபடி உள்ளே விழுந்தது.