நேபாள மலைப் பள்ளிகளுக்கு உதவும் சிறு அறக்கட்டளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேபாளத்தின் எட்டாக்கை மலைக் கிராமங்களில் கல்விக்கு உதவும் சிறு அறக்கட்டளைகள் பலவும் மலையேற்றத்துக்குப் போய்வந்த நண்பர்கள் சிலரால் தொடங்கப்படுபவை. வழியில் கண்ட பள்ளியின் நிலை மனத்தை உறுத்த, ஊர் திரும்பியதும் பணம் திரட்டுகிறார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் முதலில் கட்டடமாகிறது. கட்டடத்தைப் படம் எடுக்கலாம், நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை செலவழித்து முடிக்கக்கூடியதையே நாடி, ஆண்டுதோறும் தேவைப்படுவதைத் தட்டிக்கழிப்பதுதான் இத்துறையின் முதன்மையான தவறு என்பது என் உறுதியான கருத்து. மற்ற தவறுகளுள் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

கட்டடமே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் அதிர்ந்தபோது ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்து விழுந்தன. நேபாளத்தில் வார விடுமுறை நாளான சனிக்கிழமையாக அது அமைந்ததால் அந்த அறைகளில் பிள்ளைகள் இல்லை. 2023 நவம்பர் 3 அன்று மேற்கு நேபாளத்தில், கர்ணாலி மாநிலத்தின் ஜாஜர்கோட் மாவட்டத்தை உலுக்கிய நிலநடுக்கமும் நள்ளிரவை ஒட்டி வந்தது. இருமுறையும் பள்ளி நேரம் தப்பியது தற்செயல்தான். ஆகவே பொறியாளர் ஒப்புதல் பெறாத வரைபடத்தில் மலிவாகக் கட்டுவதும், தற்காலிகம் என்று சொல்லித் தகரக் கொட்டகை போட்டு அதிலேயே ஆண்டுக்கணக்கில் வகுப்பு நடத்தவிடுவதும் மன்னிக்கத்தக்கவை அல்ல. தகரக் கூரையின்மேல் மழை அடிக்கும்போது ஆசிரியர் சொல்வது முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. மார்கழிக் குளிரிலோ பிள்ளைகளால் பென்சிலைப் பிடிக்க முடியாது. கட்டுமானப் பொருளைக் கொண்டுசேர்ப்பதும் எளிதன்று. நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள ஹும்லா மாவட்டத்தின் தலைநகரான சிமிகோட்டுக்கு, தெற்குச் சமவெளி நகரான நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானங்கள் பறக்கின்றன; வானிலை கெட்டால் அவையும் நின்றுவிடும். அங்கிருந்து உள் கிராமங்கள் பலவற்றுக்குச் சிமெண்டும் கம்பியும் கோவேறு கழுதைகளின் முதுகிலோ ஆள்சுமையாகவோதான் போக வேண்டும். இந்தச் சுமைகூலியைக் கணக்கில் சேர்க்காமல் போடப்படும் திட்டம் சுவர் எழும்பிய நிலையில் நின்றுபோகும்.

ஆசிரியர் விஷயத்துக்கு வருவோம். அரசு ஒதுக்கும் ஆசிரியப் பணியிடங்கள் போதாத மலைப் பள்ளிகளில், பள்ளியே தன் சொந்த வருவாயிலிருந்து சிலரை வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களான இவர்களின் சம்பளத்தை ஏற்க முன்வரும் அறக்கட்டளைகள் இரு இடங்களில் தவறுகின்றன. சில, வட்டார வழக்கத்தைவிட அதிகமாகக் கொடுத்துவிடுகின்றன. உடனே அடுத்த மலைச்சரிவுப் பள்ளியின் நல்ல ஆசிரியர் இங்கே வந்துவிட, அந்தப் பள்ளி வெறிச்சோடுகிறது. ஒரு கிராமத்துக்குச் செய்த நன்மை இன்னொரு கிராமத்திலிருந்து பிடுங்கிக் கொடுத்ததாகிவிடுகிறது. வேறு சில, எத்தனை ஆண்டுகளுக்குத் தருவோம் என்பதைச் சொல்லாமலே தொடங்கி, நன்கொடை குறைந்த ஆண்டில் சட்டென்று நிறுத்துகின்றன. கல்வியாண்டின் நடுவில் கணக்கு ஆசிரியர் போய்விட்டால், பத்தாம் வகுப்பு முடிவில் எழுதும் எஸ்.இ.இ. என்ற பொதுத்தேர்வில் அதன் பலனை மாணவர்கள்தாம் அனுபவிக்கிறார்கள். எத்தனை ஆண்டுகள் தர முடியும், எந்த ஆண்டிலிருந்து எவ்வளவு குறையும், அந்தக் குறையை யார் ஏற்பது என்பதை முதல் நாளிலேயே எழுதி, கையொப்பம் வாங்குவதே நேர்மையான வழி.

யாருடைய கையொப்பம் என்பதில்தான் அடுத்த தவறு ஒளிந்திருக்கிறது. தலைமையாசிரியரிடமோ ஊர்ப் பெரியவர் ஒருவரிடமோ மட்டும் பேசி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் 2015-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், மேல்நிலை வரையிலான பள்ளிக் கல்வியைப் பாலிகா எனப்படும் உள்ளாட்சிகளின் அதிகாரத்தில் வைத்தது. நாடு முழுவதும் 753 உள்ளாட்சிகள் உள்ளன. அவர்கள் அறியாமல் தொடங்கப்படும் திட்டத்துக்கு அறக்கட்டளை விலகிய பிறகு நாதி இருக்காது. பள்ளி அளவில் மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் வைத்து, அதன் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். தொகை என்ன, எதற்கு, யார் பொறுப்பு என்று கையெழுத்தில் எழுதி, அதன்கீழ் உறுப்பினர்கள் வரிசையாகக் கையொப்பமும், எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டும் வைத்த அந்த ஒரு பக்கத்துக்கு, தலைநகரில் அச்சடித்த ஒப்பந்தத்துக்கு இல்லாத மதிப்பு ஊரில் உண்டு. ஊர்க்கூட்டத்தில் எவர் வேண்டுமானாலும் அதைத் திறந்து காட்டிக் கேள்வி கேட்கலாம்.

நாட்காட்டியையும் மறந்துவிடுகிறார்கள். நேபாளத்தின் நிதியாண்டு ஜூலை நடுவில் தொடங்குகிறது. உள்ளாட்சிகள் தங்கள் வரவுசெலவுத் திட்டத்தை ஆசார் மாதம் 10-ஆம் நாளுக்குள், அதாவது ஜூன் கடைசி வாரத்துக்குள், முன்வைக்க வேண்டும். கல்வியாண்டு வைசாகத்தில், ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ஆகஸ்டில் போய், ஆசிரியர் சம்பளத்தில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பாலிகாவிடம் கேட்டால், அவர்கள் நினைத்தாலும் அந்த ஆண்டில் வழி செய்வது கடினம். அதே கேள்வியைத் தை, மாசியிலேயே கேட்டிருந்தால் வரவுசெலவில் ஒரு வரி சேர்ந்திருக்கும்.

மனத்தை இளக்கும் இன்னொரு வழி, ஒரு பிள்ளையைப் படம் காட்டி அதற்கொரு நன்கொடையாளரைத் தேடுவது. ஒரே பெஞ்சில் இருவர் அமர்ந்திருக்க, ஒருவனுக்கு மட்டும் புதுப் பையும் கடிதமும் வருவது சிறிய ஊரில் எளிதில் ஆறாத மனத்தாங்கலாகிறது. பிள்ளையின் முகம், பெயர், கிராமம் மூன்றையும் ஒன்றாக வெளியிடுவது அதன் பாதுகாப்பையும் கெடுக்கும். 1996 முதல் 2006 வரை நீடித்த உள்நாட்டுப் போரின்போது, நல்ல படிப்புத் தருகிறோம் என்று பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு ஹும்லாவின் பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்கு அழைத்துச் சென்று, அநாதைகள் என்று காட்டி நன்கொடை திரட்டிய இடைத்தரகர்கள் இருந்தார்கள். தாய் தந்தை உயிரோடு இருந்த பிள்ளைகள் அவர்கள். இந்த வரலாறு தெரிந்த எந்த அறக்கட்டளையும் பிள்ளைகளைத் தலைநகர விடுதிகளுக்கு அனுப்புவதைத் தன் முதல் திட்டமாகக் கொள்ளக் கூடாது. மேல்நிலைப் பள்ளி இருக்கும் பக்கத்து ஊரிலேயே, பெற்றோர் நடந்து வந்து பார்க்கும் தொலைவில், சிறிய விடுதி நடத்துவது செலவிலும் குறைவு, பிள்ளைக்கும் நல்லது.

பெட்டி பெட்டியாக ஆங்கிலக் கதைப்புத்தகங்களை அனுப்புவதும் பழக்கமாகிவிட்டது. நேபாளத்தின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 124 தாய்மொழிகளைப் பதிவு செய்தது. ஹும்லாவின் வடக்கே லிமி பள்ளத்தாக்கில் திபெத்திய மொழி பேசும் வீட்டிலிருந்து முதல் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு நேபாளியே இரண்டாம் மொழி. ஆங்கிலம் அதற்கும் அப்பால். தாய்மொழிக் கல்வியை அரசமைப்பின் 31-ஆம் பிரிவு உரிமையாக்கியிருக்கும் நாட்டில், அந்தக் குழந்தையின் மொழி தெரிந்த தொடக்க வகுப்பு ஆசிரியர் ஒருவருக்குச் செலவழிக்கும் பணம் நூறு ஆங்கிலப் புத்தகங்களைவிட அதிகம் கற்பிக்கும்.

பெண் பிள்ளைகளின் வருகை குறைவதை ஆர்வக்குறைவு என்று எழுதிவிடும் அறிக்கைகளைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் பெண்களை வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் ஒதுக்கும் சௌபடி வழக்கம் 2018 முதல் தண்டனைக்குரிய குற்றமான பின்னும், கர்ணாலியிலும் அதற்கு மேற்கிலும் முற்றிலும் மறையவில்லை. உள்தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிவறை பள்ளியில் இல்லையென்றால் மாதத்தில் சில நாட்கள் அவர்களுக்குப் பள்ளி கிடையாது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டு அமைப்பு நேபாளத்தில் பணியாற்ற, சமூக நல மன்றத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பதிவு பெற்ற உள்ளூர் அமைப்பு வழியாகவே நடத்த வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து தன்னார்வமாகப் பாடம் நடத்துவதும் அனுமதிக்கப்பட்டதன்று. இரண்டு வாரம் பாடம் எடுத்துவிட்டுப் போகும் விருந்தினரால் பிள்ளைகளின் பாடமும் தடைப்படுகிறது என்பதால், இதில் எனக்குக் குறையேதும் தோன்றவில்லை.

கடைசியாக, அளந்து பார்ப்பதில் நேரும் தவறு. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு இத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எழுதுவது போதாது. டோல்பா போன்ற மாவட்டங்களில் மே, ஜூன் மாதங்களில் குடும்பம் குடும்பமாக உயர்மலைப் புல்வெளிகளுக்கு ஏறி, மிக அதிக விலைபோகும் யார்சாகும்பா என்ற பூஞ்சையைத் தேடிப் பொறுக்குகிறார்கள். கூர்மையான கண்ணும் சிறிய உடலும் உள்ள பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள். ஆண்டுக் குடும்ப வருமானத்தின் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில் கிடைப்பதால், அதைக் குற்றமாகப் பேசுவது நியாயமில்லை. திரும்பி வந்தவர்களுக்கு விடுபட்ட பாடத்தை நடத்த மாலை வகுப்புக்கு ஏற்பாடு செய்து, அதற்கான ஊதியத்தைத் திட்டத்திலேயே சேர்க்கலாம். வருகைக் கணக்கைப் பார்க்கப் போகிறவர்களும், வழக்கமான மலையேற்றப் பருவமான அக்டோபரில் மட்டும் போகாமல், பனி இறுகும் மாசியில் ஒருமுறையும் யார்சாகும்பா முடிந்த ஆடியில் ஒருமுறையும் போய், வகுப்பில் இருக்கும் தலைகளை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.