ட்ரெய்லருக்குள்ள (வண்டியில கட்டி இழுத்துட்டுப் போற வீடு) ஈரமா? கசிவா, காத்து ஈரமானு மொதல்ல கண்டுபிடிங்க

ஈரத்தைப் பார்த்ததும் சீலன்ட் டியூபை (கசிவை அடைக்கற பசை) எடுத்துடாதீங்க, அது மழைத்தண்ணி கசிவா இல்ல நம்ம மூச்சு, குளியல், சமையல்ல வர்ற ஆவி குளிர்ந்த சுவர்ல படிஞ்சதானு மொதல்ல தெரியணும். அந்த இடத்தை நல்லா தொடச்சு காயவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க, ரூம் பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா காத்துல இருக்கற ஈரம், ஷீட்டுக்குப் பின்னாடி நின்னா சுவருக்குள்ளருந்து வருது. அப்படி சுவருக்குள்ளருந்து வந்தா கூரை ஓரம், ஜன்னல் ஃப்ரேம், வென்ட் (காத்து போற துவாரம்) சுத்தி அழுத்திப் பாருங்க, மெத்துனு இருந்தா பலகை ஊறிப்போச்சு. மெத்தையையும் கண்டிப்பா தூக்கிப் பாருங்க, பூஞ்சை அங்க அடிக்கடி பிடிக்கும். கேஸ் எரிஞ்சாலே நீராவி வரும், சமைக்கறப்ப ஃபேன் போட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க. ஹைக்ரோமீட்டர் (காத்து ஈரத்தை அளக்கற கருவி) 60 சதவீதத்துக்கு மேலயே காட்டுச்சுனா டீஹியூமிடிஃபையர் (காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கற மெஷின்) போட்டுடுங்க.