ஃபினைல் மெக்னீசியம் புரோமைடு தயாரிக்கும் முறை

பிரெஞ்சு வேதியியலாளர் விக்டர் கிரிக்னார்டு 1900-இல் லியோனில் இருந்தபோது அறிவித்த கரிம மெக்னீசிய வினைப்பொருள் அவருக்கு 1912-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. ஃபினைல் மெக்னீசியம் புரோமைடு அந்த வகையைச் சேர்ந்தது. அதைத் தயாரிக்கும் முறை இன்றும் ஏறக்குறைய மாறவில்லை. முதன்முறையாகத் தயாரிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் தவறுகிறார்கள்: ஒன்று ஈரம், மற்றொன்று அவசரம்.

ஈரத்தின் கணக்கு எளிது. 18 மில்லிகிராம் நீர் 1 மில்லிமோல் வினைப்பொருளை அழித்து, அதைப் பென்சீனாக மாற்றிவிடும். ஆகவே 50 மில்லிமோல் அளவில் செய்யும்போது, 1 மில்லிலிட்டருக்கும் குறைவான நீரே முழு உழைப்பையும் வீணாக்கப் போதுமானது. குடுவை, சொட்டுப் புனல், கண்டென்சர் (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் குழாய்) ஆகியவற்றை அடுப்பில் 120 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் பொருத்தி, கண்டென்சரின் வாயில், ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு குழாயை மாட்டிவிடுங்கள். கரைப்பானான ஈதரும் நன்கு உலர்த்தப்பட்டதாக, வெடிக்கக்கூடிய பெராக்சைடு இல்லை எனச் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்; புகைபோக்கி அறைக்குள் தீச்சுடர் எதுவும் இருக்கக் கூடாது.

குடுவையில் 1.3 கிராம் மெக்னீசியத் துருவல், 10 மில்லிலிட்டர் ஈதர், ஒரு சிறு அயோடின் படிகம் ஆகியவற்றை இடுங்கள். 5.3 மில்லிலிட்டர் புரோமோபென்சீனை 40 மில்லிலிட்டர் ஈதரில் கரைத்துப் புனலில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை மட்டும் விடுங்கள். இப்போது கலக்கியை ஓட்ட வேண்டாம். துருவலின் அருகே கரைசல் செறிவாக நிற்பதே வினை தொடங்க உதவுகிறது.

பிறகு குடுவையை உற்றுப் பாருங்கள். அயோடினின் பழுப்பு மங்கும். உலோகத்தின் ஓரத்தில் நுண்குமிழ்கள் எழும். தெளிவாக இருந்த ஈதர் சாம்பல் நிறமாகக் கலங்கி, வெளிச் சூடு இல்லாமலே கொதிக்கத் தொடங்கும். சில நிமிடங்களில் இவை தென்படவில்லை என்றால், உள்ளங்கையாலோ வெதுவெதுப்பான நீராலோ குடுவையைச் சற்றுச் சூடேற்றலாம். வினை தொடங்கியது உறுதியாகும் வரை இன்னொரு சொட்டுப் புரோமோபென்சீனும் சேர்க்கக் கூடாது என்பதை நான் மிக வலியுறுத்துகிறேன். மாணவப் பருவத்தில் தொடக்கம் தாமதமானதால் பாதிக் கரைசலை ஒரே தடவையில் விட்டேன். சற்று நேரம் அமைதியாக இருந்த குடுவை திடீரெனப் பொங்கி, ஈதர் கண்டென்சரின் உச்சி வரை ஏறியது. அன்று அருகில் ஐஸ் தொட்டி இருக்கவில்லை. இன்று அதை எடுத்து வைக்காமல் நான் புனலைத் தொடுவதே இல்லை.

தொடங்கியபின் கலக்கியை ஓட்டி, ஈதர் மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும் வேகத்தில் மீதியைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். விரைந்து சேர்த்தால் பைஃபினைல் என்ற துணை விளைபொருள் மிகும். எல்லாம் சேர்ந்தபின் 20 முதல் 30 நிமிடம் இளஞ்சூட்டில் வைத்தால், மெக்னீசியம் பெரும்பாலும் கரைந்து, கலங்கிய பழுப்புக் கரைசல் கிடைக்கும். அதை அன்றே பயன்படுத்துங்கள். எடுத்துக்காட்டாக, பென்சோஃபீனோனுடன் வினைப்படுத்திய பின், ஐஸில் குளிர்ந்த அம்மோனியம் குளோரைடு கரைசலை மெதுவாகச் சேர்த்தால் டிரைஃபினைல் மெத்தனால் கிடைக்கும்.